புட்டியில் சிவந்த கால்கள்

என் அக்காளின் கணவர் வைத்திருந்த ஒரு கண்ணாடிப் புட்டியைப்பற்றி எங்கள் உறவினரிடையே ஒரு கதை வழங்குகிறது. புனித அன்னம்மாள் திருநாளன்று அப்புட்டிக்குள் கிடந்த குளவிகளின் கால்களை அத்தாய் நிறம் மாற்றி, ஒரு தென்னந்தோப்பையும் அதிலிருந்த குடும்பங்களையும் காத்தாளாம். சொல்பவர்கள் நல்லவர்கள், ஆயினும் நடந்தது அதற்கு நேர்மாறானது. கால்கள் நிறம் மாறியதால்தான் அக்குடும்பங்கள் பிழைப்பிழக்கப் பார்த்தன. ஆகவே நான் கண்ணால் கண்டவற்றையும், பின்னாளில் அக்காளும் அத்தானும் ஒருங்கே ஒப்புக்கொண்டவற்றையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். ஐயமுள்ளதை ஐயமென்றே சொல்வேன்.

அது வாயகன்ற புட்டி. அடியில் நஞ்சுக்கட்டி, அதன்மேல் வெண்சாந்து இறுகியிருந்தது. உள்ளே விட்ட பூச்சி சிறிது நேரத்தில் ஓய்ந்துவிடும். அத்தான் ஜார்ஜ் டவுனில் பயிர்ப்பூச்சிகளை ஆராயும் அரசு அலுவலகத்தில் பணியாற்றினார். எறும்பைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளை இனம்பிரித்துச் சொல்வது அவர் வேலை. அந்நகரின் டத்தோ கிராமாட்டில் அவர்கள் குடியிருந்த வீட்டின் பின்னறையில் அந்தப் புட்டிக்கென்று ஒரு மேசை இருந்தது. எறும்பு ஏறாதிருக்க அம்மேசையின் கால்கள் மண்ணெண்ணெய்க் கிண்ணங்களில் நின்றன. தம் பிள்ளைகள் அந்த அறைப் பக்கம் போனால் போதும், அமைதியான அந்த மனிதரின் குரல் உயர்ந்துவிடும்.

முப்பதுகளின் தொடக்கத்தில், விலைகள் வீழ்ந்திருந்த காலத்தில், நான் சுங்கை பாக்காப்பை அடுத்த ஒரு தென்னந்தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். தெற்குப் பிரிவில் புழு விழுந்து, ஓலைகளின் பசுமையைச் சுரண்டித் தின்று, மரங்களைத் தீயில் வாட்டியவைபோல் நிறுத்திவிட்டது. பரிகாரம் கிட்டாவிட்டால் அப்பிரிவைக் கைவிட்டு, அங்குள்ளவர்களை நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிவிடுவதாகத் துரை சொல்லிவிட்டார். வடக்குப் பிரிவிலோ புழுக்கள் செத்துக் கிடந்தன. அவற்றின்மேல் அரிசிமணிபோன்ற வெண்கூடுகள் ஒட்டியிருந்தன. புழுவின் உடலுக்குள் வளர்ந்து அதைக் கொன்ற குளவிகளின் கூடுகள் அவை. அவற்றைத் திரட்டித் தெற்கே கொண்டுபோய் வைத்தால் அங்கும் புழு மடியும் என்பது எங்கள் நம்பிக்கை.

ஆட்களை வேலைவாங்கும் மண்டோர் சிரித்தார். "பூச்சியக் கொல்லப் பூச்சியவே விடுறீங்களா கிராணி ஐயா? அப்ப எங்களக் கொல்ல யார விடுவீங்க? துரை ஒருத்தர் போதும்லா!" சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு நெடுநேரம் காதில் கேட்டது.

திரட்டிவைத்த கூடுகளில் சிலவற்றைத் தகரப்பெட்டியில் எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை பெர்ரி ஏறிக் கடல் கடந்து, தீவிலிருந்த அத்தானிடம் வந்தேன். அவர் முகம் இருண்டது. "மச்சான், இதே கூட்டுலருந்து ரெண்டு சாதி வரும். ஒண்ணு புழுவக் கொல்ற நல்லது. இன்னொண்ணு அந்த நல்லதயே கூட்டுக்குள்ள தின்னுட்டு வெளியே வர்ற கள்ளன். கள்ளனக் கொண்டுபோய் விட்டா தோப்பு போச்சு." இரண்டும் கருப்பு, இரண்டும் ஒரே அளவு. நல்லதற்குக் கால்கள் மஞ்சள், கள்ளனுக்குச் சிவப்பு. கள்ளனின் சிறகில் நல்லதற்கு இல்லாத நரம்பு ஒன்றும் உண்டு. ஆனால் அதைப் பார்ப்பதற்கான உருப்பெருக்கி, விடுப்பில் சீமைக்குப் போயிருந்த அதிகாரியின் அறையில் பூட்டிக் கிடந்தது. அத்தானிடம் இருந்தது ஒரு கைவில்லைதான். காலின் நிறத்தைப் பார்த்தே அவர் அதுவரை தவறின்றிச் சொல்லிவந்தார்.

வழியிலேயே கூடுகளைத் திறந்து வெளிவந்திருந்த குளவிகளை அவர் புட்டியில் விட்ட நேரத்தில், அக்காள் வாசலில் நின்றாள். அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் அன்னம்மாள் கோவில் திருநாள். அவளுக்கு ஒரு நேர்ச்சை இருந்தது. "வாங்க, பெர்ரி போயிரும். செத்த பூச்சி எங்க ஓடிரப் போகுது?" என்றாள். மூடியை இறுக்கிவிட்டு அவர் கிளம்பினார். நானும் உடன் சென்றேன். மெழுகுதிரி ஏந்திய கூட்டத்தினிடையே நடக்கும்போதும் அவர் உதடுகள் செபத்தைச் சொன்னவையாகத் தோன்றவில்லை.

மறுநாள் மாலை திரும்பியதும் குளிக்கவும் நில்லாமல் புட்டியைத் திறந்தார். வெள்ளைத் தாளில் கொட்டி, வில்லையைக் கண்ணில் வைத்தார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாக் கால்களும் சிவப்பு.

"எல்லாம் கள்ளன்," என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "நாளைக்குப் போய்ச் சேத்து வச்சத எல்லாம் எரிச்சிடச் சொல்லு."

எரிப்பதென்றால் மறுநாளே ஆட்களின் பெயர் கப்பலுக்குப் போகும். அக்காள் சாப்பாடு போட்டபடி, அவரைச் சிரிக்கவைக்க முயன்றாள்: "காலு செவந்தா என்ன? திருநாளுக்கு அதுங்களும் மருதாணி வச்சிருக்கும்." அவர் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், உண்ணவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் நான் புறப்பட நின்றேன். இன்னும் திறவாதிருந்த மீதிக் கூடுகளை அவர் விளக்குச் சிமினிக்குள் இட்டு, மல் துணியால் மேல்வாயைக் கட்டியிருந்தார். உள்ளே புதிதாக வெளிவந்த குளவிகள் வெளிச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. அவர் குனிந்தார், நெடுநேரம் நிமிரவில்லை. அவற்றின் கால்கள் மஞ்சள்.

"போகாத, மச்சான்," என்றார்.

அவற்றுள் ஒன்றைப் பிடித்துப் புட்டியில் விட்டு, மூடி, எதிரே அமர்ந்தார். நான் போகவேண்டிய பெர்ரி போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. தோட்டத்தில் துரை காத்திருப்பார் என்று சொல்ல வாய் எடுத்தேன்; அவர் கை உயர்ந்தது. பிற்பகலில் வில்லையை என்னிடம் நீட்டினார். மஞ்சளாக உள்ளே போன கால் செங்காவியாக மாறத் தொடங்கியிருந்தது. நஞ்சின் ஆவி அந்நிறத்தைத் தின்கிறது. எப்போதும் உடனே வெளியே எடுத்துவிடுவாராதலால் அதை அவர் முன்பு கண்டதில்லை. ஒரு திருநாட்காலம் முழுவதும் புட்டிக்குள் கிடந்தவை கள்ளனின் நிறத்தைப் பெற்றுவிட்டன.

இனி நிறத்தை நம்ப இயலாது. சன்னலோரம் சாய்வெயிலில் கண்ணாடிச் சில்லின்மேல் ஒவ்வொரு சிறகாகப் பரப்பி, அந்த ஒற்றை நரம்பைக் கைவில்லையால் தேடினார். கண்ணீர் வழிய வழியத் துடைத்துக்கொண்டு பார்த்தார். பெரும்பாலானவற்றில் அந்நரம்பு இல்லை, அவை நல்லவை. சிலவற்றில் இருந்தது. சிலவற்றை அவரால் சொல்ல முடியவில்லை.

"அத்தான், விடவா, எரிக்கவா?" என்று கேட்டேன்.

"கூட்டுக்குள்ள இருக்கிறத யாரு பாத்தா? பாத்த வரைக்கும் நல்லது அதிகம்," என்றார். பிறகு என்னைப் பாராமல், "விடு," என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அவர் சுவரில் சாய்ந்த விதம் இன்றும் என் கண்முன் நிற்கிறது.

விட்டோம். மாதங்கள் சென்றன. தெற்குப் பிரிவின் மரங்கள் நடுவிலிருந்து பச்சைக் குருத்தை விட்டன. துரை அந்த மக்களைக் கப்பலேற்றவில்லை. மண்டோர் ஒரு குலை இளநீரை என்னிடம் தந்து, "ஒங்க அத்தானுக்குக் குடுங்க. பூச்சி வாத்தியாருன்னு நாங்க பேரு வச்சிருக்கோம்லா," என்றார். அத்தான் இளநீரை வாங்கிக்கொண்டார். ஆனால் தோட்டத்துக்கு வந்து பார்க்குமாறு நான் எத்தனை முறை அழைத்தும் அவர் வரவில்லை. ஆண்டுதோறும் திருநாளுக்குக் கடல் கடந்து எங்கள் கரைக்கு வந்தவர், அங்கிருந்து தெற்கே எங்கள் தோப்புவரை ஒருமுறையும் வந்ததில்லை.

தெரியாதவை இவை. அன்று விடுவித்த கூடுகளில் கள்ளன் எத்தனை என்பது தெரியாது. அவ்வாண்டு மழையும் முன்னதாகவே வந்து நீண்டு பெய்தது. புழுவை மாய்த்தது குளவியா மழையா என்பது தெரியாது. நரம்பு தெளியாத குளவிகளை அத்தான் சீமைக்கு அனுப்பினார். அவை என்ன இனமென்று மறுமொழி வந்ததா என்பது தெரியாது. விடு என்றபோது அவர் உள்ளத்தில் உறுதி இருந்ததா என்று நான் கேட்டதில்லை. அவர் சொன்னதுமில்லை.