நாலு நாள் ஒத்தடம்

புடவைத் தலைப்பைக் கழுத்தில் சுற்றியபோது விரலில் இடறியது. சுண்டைக்காய் அளவு கட்டி, வலியே இல்லை. வலித்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பேன். ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக் கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் போகிறவள், ஆஸ்பத்திரி வாசலை மூன்று மாதம் தாண்டித் தாண்டியே போனேன். உங்களுக்கு இப்படி ஒன்று தட்டுப்பட்டால் என்னைப் போல் இருந்துவிடாதீர்கள்.

பயாப்ஸியில் (கட்டியில் ஒரு துணுக்கை வெட்டியெடுத்துப் பார்ப்பது) புற்றுநோய் என்று தெரிந்தது. ஆறு வாரம் எக்ஸ்ரே சிகிச்சை (கதிரைப் பாய்ச்சிக் கட்டியைக் கருக்குவது) என்றார் டாக்டர். நல்ல சதையும் கொஞ்சம் வேகும் என்றார். அணுகுண்டுச் சோதனைச் செய்திகள் பேப்பரில் வந்துகொண்டிருந்த காலம். கதிர் என்றாலே எனக்குப் பயம்.

நான் தாவரவியல் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். ஈஸ்ட்டை (மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்) புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் பெரும்பாலும் செத்துவிடும். ஒரு தடவை, முன்னதாக இளஞ்சூட்டில் வைத்திருந்த தட்டில் மட்டும் நிறையப் பிழைத்திருந்தது. மறுபடி செய்தேன், அப்படியேதான். லேசாக வாட்டினால் உயிர் உஷாராகி அடுத்த அடியைத் தாங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

விடுவேனா? என் நல்ல சதையும் அப்படிக் கதிரைத் தாங்கட்டும் என்று, சிகிச்சையின் இரண்டாம் வாரம் நாலு நாள், புறப்படுமுன் கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். வீட்டுக்காரருக்குத் தெரியாது. ஐந்தாம் நாள், தோல் சிவந்து உரிந்திருப்பதை டாக்டர் பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது? எதையாவது வச்சீங்களா?"

ஈஸ்ட் கதையைச் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் சிரிக்கவில்லை.

"தோலைப் புண்ணாக்கினதுதான் மிச்சம். சரி, சூடு பலம் குடுக்குதுன்னே வச்சுக்குவோம். கட்டி மட்டும் அந்தச் சூட்டுக்கு வெளியிலயா இருக்கு? அதுவும் உயிருதானேம்மா?"

ஐயோ! அது எனக்குத் தோன்றவே இல்லை. தட்டில் இருந்தது ஈஸ்ட் மட்டும். என் கழுத்தில் நானும் இருந்தேன், அதுவும் இருந்தது.

"படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க?" என்று விஷயம் தெரிந்ததும் வீட்டுக்காரர் கத்தினார். பிறகு அடுப்பங்கரையில் போய் நின்று அழுதார்.

புண் ஆறட்டும் என்று ஒரு வாரம் சிகிச்சையை நிறுத்தினார்கள். அந்த ஒரு வாரத்தை எப்படித் தள்ளினேனோ! கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் கட்டி பெருத்த மாதிரியே இருக்கும். நானே சோறு போட்டு வளர்த்துவிட்டேனோ என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

மீதிச் சிகிச்சை முடிந்தபோது கட்டி கரைந்திருந்தது.

"அந்த ஒத்தடத்தால உள்ள ஏதாவது தங்கியிருக்குமா, டாக்டர்?"

"தெரியாதும்மா. ஆறு மாசம் கழிச்சு வாங்க."

அதற்குப் பிறகு எனக்கு வருஷம் கிடையாது; ஆறு ஆறு மாதம்தான். காலையில் கண் விழிக்குமுன்பே கை எழுந்து கழுத்தைத் தடவிப் பார்க்கிறது. கை ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் நான் எழுந்திருக்கிறேன்.