சிவப்பு நூல் கட்டிய பென்டிரைவ்

அந்தப் பென்டிரைவில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். அறந்தாங்கியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த அண்ணன் அதைக் கழுத்தில் மாட்டியிருப்பார். உள்ளே, விண்டோஸுக்குப் பதிலாகவோ பக்கத்திலோ போடும் லினக்ஸ். எட்டாவதோடு படிப்பை விட்டு, திருப்பூர், ஓசூர் என்று அலைந்த நான் அவர் கடையில் கொஞ்ச காலம் ஒதுங்கினேன். "ஏய் ஊர்சுத்தி, அடுத்த பஸ்ஸு எப்ப?" என்றுதான் காலையில் வரவேற்பார்.

கடைக்கு வரும் லேப்டாப்புகளில் பாதி வளைகுடாவிலிருந்து வந்தவை. "வெளிநாட்டுப் பொட்டிய வீட்டாளுகதான் தொறக்கணும்" என்பார். உள்ளிருக்கும் படங்களைப் பார்க்கமாட்டார், நகலும் எடுக்கமாட்டார். அதனாலேயே பெண்கள் நம்பி வந்தார்கள்.

அப்படி ஓர் அக்கா வந்தார். கணவர் வெளிநாட்டில் இறந்து, உடலோடு வந்த சாமான்களில் ஒரு புது லேப்டாப். அதைத் திறக்கும் பின் நம்பர் மகளுக்குத் தெரியும். தினமும் திறந்து அப்பாவைப் பார்ப்பாளாம். இப்போது கல்லூரியில் லினக்ஸ் போடச் சொல்லியிருந்தார்கள்.

"அவுக பேசுன வீடியோவெல்லாம் இதுலதான் தம்பி. போயிராதுல்ல?"

"பக்கத்துல இன்னொரு ரூம் எடுக்குற மாதிரிதான்க்கா. அவுக ரூமத் தொடமாட்டேன்" என்றார் அண்ணன்.

புது மெஷின் பென்டிரைவை ஏற்கவில்லை. தயாரித்தவர்கள் ஒப்புக்கொள்ளாத எதையும் வாசலிலேயே தடுக்கும் பூட்டு அதில் இருந்தது. பழைய மெஷின்களின் பழக்கத்தில் அண்ணன் பூட்டை அணைத்தார். உடனே மெஷின், மகளுக்குத் தெரிந்த பின் நம்பர் போதாதென்று, டிஸ்க்கைத் திறக்க ஒரு நீளமான எண்ணைக் கேட்டது. பூட்டைத் திரும்பப் போட்டிருந்தால் திறந்திருக்கும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அவரோ பதற்றத்தில் பாதுகாப்புச் சிப்பில் இருந்ததையே அழித்தார். டிஸ்க்கைத் திறக்கும் சாவி அங்கேதான் இருந்தது. இனி அந்த நீள எண்தான் வழி; அது இறந்தவரின் இணையக் கணக்கில் இருந்தது. கணக்கைத் திறக்க அவருடைய வெளிநாட்டு செல் நம்பருக்கு வரும் ஓடிபி வேண்டும். அந்த நம்பர் வேறு யாரிடமோ போய்விட்டது.

சாயங்காலம் அக்கா வந்தார். அண்ணன் எதையும் மறைக்கவில்லை.

"அப்ப அவுக உள்ளதான் இருக்காக?"

"உள்ளதான்க்கா. என்னாலதான் தொறக்க முடியல."

அக்கா அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மொதல்லயே ஒரு காப்பி எடுத்திருக்கலாமுல்ல தம்பி? நீங்க பாத்தா நாங்க என்ன சொல்லப்போறோம்?"

அதன்பின் அண்ணன் புது மெஷின் எதையும் தொடவில்லை. நான் கிளம்பிய அன்று பென்டிரைவை நூலோடு கழற்றித் தந்தார். அடுத்த பஸ் எப்போது என்று கேட்கவில்லை.

இப்போது சேலத்தில் ஒரு கடையில் இருக்கிறேன். எது வந்தாலும் முதலில் நகல் எடுத்துவிடுவேன். "அடுத்தவன் வீட்டுப் போட்டோவ எதுக்குய்யா எடுக்குற?" என்று நேற்றும் ஒருவர் சண்டைக்கு வந்தார். நகல் முடியும்வரை திட்டினார். முடிந்த பிறகுதான் பென்டிரைவைச் செருகினேன். நூல் கறுத்துவிட்டது.