தொண்ணூறு சொன்ன தேதி

என் அண்ணனுக்கு அவன் ஆபீசில் ‘தொண்ணூறு’ என்று பெயர். அவர்கள் கட்டுகிற சுரங்க ரயில் பாதை எவ்வளவு முடிந்தது என்று யார், எந்த வருஷம் கேட்டாலும் “தொண்ணூறு சதவீதம்” என்பான். கட்டுகிற என்றதும் மண்வெட்டியோடு குழிக்குள் இறங்குகிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். துரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். எந்த வேலை எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று கம்ப்யூட்டரில் கலர் கலராகப் பட்டை இழுப்பதுதான் அவன் உத்தியோகம்.

ஐந்து வருஷத்தில் முடிப்போம் என்று தொடங்கிய பாதை அது. பன்னிரண்டாவது வருஷம் நடக்கிறது. செலவு மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. அதற்கு அங்கே ‘திருத்திய மதிப்பீடு’ என்று பெயர். வீட்டில் நான் அப்படித் திருத்தினால் ஊதாரி என்பார்கள். அங்கே திருத்தியவருக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள்.

அந்த ஆபீசில் ஒரு பழக்கம் உண்டு. அதைக் ‘கழிவு’ என்பார்கள். குழியில் நிற்கிற மேஸ்திரி, “இன்னும் முப்பது மாசம் ஆகும் சார்” என்பார். முப்பது என்றால் மேலே கத்துவார்களே என்று எஞ்சினியர் அதை இருபத்துநாலாக்குவார். அவருக்கு மேலே இருப்பவர் பதினெட்டாக்குவார். அதற்கும் மேலே போகும்போது பன்னிரண்டாகியிருக்கும். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை பாருங்கள், ஆளுக்குக் கொஞ்சம் கழித்தார்கள், அவ்வளவுதான். போதாக்குறைக்கு, பெரிய அதிகாரி இரண்டாம் பக்கம் புரட்ட மாட்டாராம். அதனால் அட்டவணை ஒரே தாளில் அடங்க வேண்டும். தாள் முடிகிற இடத்தில் ரயில் பாதையும் முடிந்துவிடும்.

இந்தக் கலையில் என் அண்ணனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மற்றவர்கள் படிப்படியாகக் கழிப்பதை அவன் ஒரே மூச்சில் கழித்துவிடுவான். கேட்டவர் வாயை மூடுவதற்குள் மேலிடத்துக்குப் பிடித்த தேதி வந்து விழும். சிறந்த ஊழியர் என்று சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். அண்ணி அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். வேறு என்ன செய்வாள், பாவம்.

எனக்கும் இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, என் கடை வாசலில் தகரம் அடிக்கிற வரைக்கும். நான் தையல் கடை வைத்திருந்தேன். இரண்டு மெஷின், துணி வெட்ட ஒரு மேஜை, பட்டன் தைக்க ஒரு அக்கா. ஸ்டேஷன் குழி சரியாக என் கடைக்கு எதிரே வந்தது. இரண்டு ஆள் உயரத் தகரம், அதற்கும் என் படிக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. அளவு கொடுக்க வந்தவர்கள் சகதியைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள். இப்படியே நாலு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

அப்போதுதான் அடுத்த தெருவில் முனைக்கடை காலியானது. நல்ல வெளிச்சம், நல்ல நடமாட்டம். கடையின் சொந்தக்காரர் நல்ல மனுஷர். “ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடும்மா, வேற ஆளும் கேக்கறாங்க” என்றார். நான் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“அண்ணா, ஆபீஸ் கதையெல்லாம் வேணாம். என் வாசல் தகரத்தை எப்ப எடுப்பாங்க? அதை வச்சுதான் கடையை மாத்தறதா வேணாமான்னு முடிவு பண்ணணும்.”

“ஆறே மாசம்” என்றான். கவளத்தை விழுங்கக்கூட இல்லை. “இப்பப் போய் ஏன் மாத்தறே? ஸ்டேஷன் வந்தா உன் வாசல்ல கூட்டம் அள்ளும்.”

கூடப் பிறந்தவன் ஆயிற்றே, நம்பினேன். முனைக்கடை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மறுநாளே ஒரு செருப்புக் கடைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார்.

ஆறாவது மாதம் தகரத்தை எடுத்தார்கள். அதைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய தகரம் துருப்பிடித்துவிட்டதாம், புதுத் தகரம் அடித்தார்கள். அதில் ‘விரைவில்’ என்று பச்சை எழுத்தில் வேறு எழுதியிருந்தது.

அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடியே அவன் ஆபீசுக்குப் போய் நின்றேன்.

“ஏன்டா, ஊருக்குத்தான் காதுல பூ சுத்தறே, எனக்குமா? கூடப் பொறந்தவளோட பிழைப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டியே!”

அக்கம்பக்கத்தில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவன் திருதிருவென்று விழித்தான்.

“நான் பொய் சொல்லலம்மா.”

“அப்போ அன்னைக்கு உன் மனசுல என்ன கணக்கு இருந்துச்சு?”

கொஞ்ச நேரம் யோசித்தான். நிஜமாகவே தேடிப் பார்த்தான். “மூணு வருஷம்” என்றான்.

“மூணு வருஷத்தை எதுக்குடா ஆறு மாசம்னு சொன்னே?”

“நீ எப்பன்னு கேட்டே. உடனே கழிச்சிட்டேன்.” அவன் முகம் விழுந்துபோனது. “வேணும்னு பண்ணலம்மா. கழிச்சதே எனக்குத் தெரியல.”

படியிறங்கி வந்துவிட்டேன். அவன் மேல் கோபம் தீரவில்லை, தீர்ந்தது என்று சொன்னால் நானும் கழிக்கிறேன் என்று அர்த்தம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடாமலே கடைக்கு வந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கையில் இருக்கிற ஆர்டர் எத்தனை, வாரத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள், அக்காவுக்கு எவ்வளவு நாள் வேலை கொடுக்க முடியும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். நானும் வேண்டாவெறுப்பாகச் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

“கடை இன்னும் எவ்வளவு நாள் தாங்கும்? சொல்லித் தொலையேன்.”

வாயைத் திறந்தான், மூடினான். மறுபடி திறந்தான். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாகச் செய்யாத வேலையல்லவா!

“ஏழு வாரம்” என்றான்.

“கழிச்சா?”

“கழிக்கலம்மா.” குரல் உடைந்துவிட்டது. நானும் அழுதேன். பட்டன் தைக்கிற அக்கா தலையைக் குனிந்தபடி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

ஏழாவது வாரம் சனிக்கிழமை மெஷின்களை வண்டியில் ஏற்றினோம். ஒரு முனையை அண்ணன் பிடித்தான், மறுமுனையை நான் பிடித்தேன். அந்தத் தெருவில் சொன்ன தேதிக்குச் சரியாக முடிந்த ஒரே வேலை என் கடைதான்.