குடல் கறுத்த கோழிகளும் நானும்

பறவை வைத்தியத்தில் நோயாளி வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாது. வயிற்றைத் திறந்தால்தான் சொல்லும். கெட்ட செய்தியை மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் சொல்லியே தீரவேண்டிய வேலையில் இருக்கும் எல்லோருக்கும் என் பாடு புரியும்.

கண்ணாடித் தூள்

செங்கல்பட்டு மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் ரஹீம் பாய், ஊருக்கு வெளியே ஷெட் போட்டு நாட்டுக்கோழி வளர்க்கிறார். ஒரு நாள் காலை, செத்த குஞ்சுகளை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்தார். எல்லாமே ரத்தமாகக் கழிந்து செத்தவை. பக்கத்து நிலத்துக்காரரான அவருடைய மச்சான்தான் தீவனத்தில் கண்ணாடித் தூளைக் கலந்துவிட்டான் என்று போலீசுக்குப் புகார் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

ஒரு குஞ்சைப் பிரித்தேன். கோழிக்குக் குடலின் கடைசியில் விரல்போல இரண்டு பைகள் உண்டு. இரண்டும் ரத்தம் உறைந்து உருட்டிய களிபோல வீங்கியிருந்தன. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கண்ணாடி இல்லை, ரத்தக் கழிச்சல் கிருமி. குடல் சுவரில் இருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்களை அது உடைத்துவிடும். குஞ்சின் ரத்தமெல்லாம் குடலுக்குள் வடிந்து கழிந்துவிடும். விசாரித்ததில் ஷெட்டில் தரை ஈரமாகக் கிடந்தது தெரிந்தது; அதுதான் காரணம் என்று சொல்லி மருந்து எழுதிக் கொடுத்தேன். பாய் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டரம்மா, காலைலயே அவன் சட்டையப் புடிச்சி நாலு அறை வுட்டுட்டுதான் இங்க வந்துகீறேன்."

மொட்டை மாடி

கூடுவாஞ்சேரியில் ஒரு டீச்சர், மாடியில் ஆறு கோழி வளர்த்தார். "பாம்பு கடித்துக் குடல் வெளியே வந்துவிட்டது" என்று போன் செய்தார். போய்ப் பார்த்தேன். கோழி உயிரோடு நின்றது. பின்னால் தொங்கிய குடலை மற்ற ஐந்தும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன. பெரிய முட்டை இடும்போது ஆசனவாயின் உட்பக்கம் சிவப்பாக வெளியே பிதுங்கும். அந்தச் சிவப்பை ஒன்று கொத்தி, ரத்தம் வந்துவிட்டால் மற்றவை விடாது. கிழிந்த ரத்தக் குழாய்களில் கட்டுப்போட இடமே இல்லை. ஊசி போட்டு அதன் வலியை முடித்துவைத்தேன். டீச்சர் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தினமும் காலைல இதுங்களுக்கு பக்திப் பாட்டு போட்டுவுட்டுகினு இருந்தேன் டாக்டர்."

மாற்று வழி

கல்பாக்கத்திலிருந்து அணுமின் நிலைய டெக்னீஷியன் ஒருவர் தன் சேவலை மடியில் வைத்து ஆட்டோவில் வந்தார். முந்தின நாள் மாலைவரை கூவிய சேவல். வழியிலேயே உயிர் போய்விட்டது. காரணம் தெரிந்தே ஆகவேண்டும் என்று பக்கத்திலேயே நின்றார். வயிற்றைத் திறந்தேன். சிறுகுடல் முழுக்க நாவல்பழ நிறம்.

குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் முதுகெலும்பின் ஓரத்திலிருந்து இறங்கி விசிறிபோலப் பிரியும் என்று காட்டினேன். "ஒரு கிளை அடைச்சா வேற வழி கிடையாதா?" என்று கேட்டார். கிளைக்குக் கிளை இணைப்பு உண்டு, பக்கத்துக் கிளை ஈடுகொடுக்கும். ஆனால் இங்கே விசிறியின் காம்பே முறுக்கிக்கொண்டுவிட்டது என்றேன். வாழ்நாளெல்லாம் பைப் லைன் பார்த்தவர். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லா லைனையும் ஒரே எடத்துலேர்ந்து எடுத்தது தப்பு டாக்டர், டிசைனே தப்பு."

தங்கூஸ் நூல்

மாமல்லபுரம் கடற்கரையில் சங்கு மாலை விற்கும் செல்வி, தன் வாத்தைக் கொண்டுவந்தார். தூண்டிலில் கட்டும் தங்கூஸ் நூலை அது விழுங்கியிருந்தது. ஒரு முனை அலகில் தொங்கியது. மயக்கம் கொடுத்து வயிற்றைத் திறந்தேன். நூல் குடலுக்குள் போய், நாடாவை இழுத்த பாவாடைபோலக் குடலைச் சுருக்கி வைத்திருந்தது. நிறம் லேசாகத்தான் நீலம் பாய்ந்திருந்தது. பிழைக்கும் என்று நினைத்தேன்.

அங்கங்கே குடலைத் திறந்து, நூலைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் எடுக்கவேண்டும். தெரியும். பாடமும் நடத்தியிருக்கிறேன். ஆனாலும் தளர்ந்ததுபோலத் தெரிந்த ஒரு இடத்தில் லேசாக இழுத்தேன். நூல் ரம்பம்போல ஓடி, குடலின் ஓரமாகப் போகும் ரத்தக் குழாயை அறுத்துவிட்டது. வயிறு கண்ணெதிரே நிறைந்தது. இடுக்கி போட்டும் பயனில்லை. இரண்டு நிமிஷத்தில் வாத்து அடங்கிவிட்டது.

வெளியே வந்து, "நான் இழுத்திருக்கக் கூடாது, என் தப்பு" என்று செல்வியிடம் சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வூட்ல நானும் ரெண்டு தபா இழுத்தேன் டாக்டரம்மா, உன் தப்புன்னு நீ மட்டும் இன்னாத்துக்கு சொல்லிகினு கீற?"

இவ்வளவையும் பார்த்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேனே, அந்த வியாதிக்கு மட்டும் எனக்கு இன்னும் மருந்து கிடைக்கவில்லை.