போருக்கு ஒரு சீனியாரிட்டி லிஸ்ட்

சின்ன மாமா செய்தித்தாளில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. ஒரு போரையும் ஆபீஸ் ஃபைலைப் படிப்பதுபோலப் படிக்கலாம். 1962 நவம்பர் கடைசி. சீனாக்காரர்கள் சண்டையை நிறுத்திக்கொள்வதாக அறிவித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாமா வீட்டுக் கூடத்தில் ஓடு ஒழுகிய இடங்களில் இரண்டு குண்டான்கள் வைத்திருந்தார்கள். நடுவில் தாளை விரித்துக் குந்தியிருந்த மாமா, வடகிழக்கு எல்லையில் படைக்குத் தலைமை வகித்தவரைப் பற்றிய வரியின் கீழ்க் கோடிட்டு, ஓரத்தில் ‘முன் அனுபவம்?’ என்று எழுதினார். பதவி உயர்வுக்கு வரும் சிபாரிசுகளில் அவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விதான் அது.

அம்மாவின் கடைசித் தம்பி அவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். கலெக்டர் ஆபீசில் ஏ-நாலு என்ற பிரிவில் எழுத்தர். மாவட்டத்து ரெவின்யூ ஊழியர்களில் யார் யாருக்கு மூத்தவர் என்ற பட்டியல் அவர் மேசையில்தான் இருந்தது. யார் எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தப் பரீட்சையில் தவறினார், யாரைத் தாண்டி யார் போனார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நான் சிதம்பரத்தில் பி.ஏ. சரித்திரம் படித்துக்கொண்டு, ஹாஸ்டல் சாம்பாருக்குப் பயந்து ஞாயிறுதோறும் ரயிலேறி அவர் வீட்டுக்கு வந்துவிடுவேன். எதை நினைத்தாலும் அன்றைக்கே செய்துவிட வேண்டும் எனக்கு. இப்போதும் அந்தக் குணம் முழுவதும் போய்விடவில்லை.

அன்றைக்கு மத்தியானம் முழுவதும் நாங்கள் அந்த ஒரு கேள்வியிலேயே சுற்றினோம். பனிமலையில் நம் ஜவான்கள் பருத்திச் சட்டையோடும் கான்வாஸ் ஷூவோடும் நின்றதாகப் பத்திரிகைகள் எழுதின. போரில் படை நடத்தி அறியாதவர் பெரிய படைக்குத் தலைவரானார் என்றும், அவருக்கு மூத்தவர்கள் ஒதுக்கப்பட்டார்கள் என்றும் பார்லிமென்ட்டில் கேட்டார்கள். பாதுகாப்பு மந்திரி பதவி விலகியிருந்தார். அந்த மந்திரியைத் தேர்ந்தெடுத்தவர் யார், அவர் இத்தனை வருடம் தளபதிகளோடு மல்லுக்கு நின்றபோது பிரதமர் ஏன் சும்மா இருந்தார் என்று கடலூரில் யாரும் உரக்கக் கேட்கவில்லை. ஊரே மைதானத்தில் கூடி வளையலையும் மோதிரத்தையும் யுத்த நிதிக்குக் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. அத்தையும் ஒரு ஜோடித் தோடு கொடுத்திருந்தார்.

“இதையெல்லாம் எழுதிப் பேப்பருக்கு அனுப்புங்க மாமா,” என்றேன். யோசனை என்னுடையது. அதை நான் இன்றுவரை மறுத்ததில்லை.

“கவர்மென்ட் சம்பளத்த வாங்கிக்கிட்டு கவர்மென்ட்டையே கேக்கச் சொல்றியா? அதுவும் யுத்த எமர்ஜென்சில?”

“பேர் போடாம எழுதுங்க. நான் சிதம்பரத்துலேர்ந்து போட்டுடறேன். முத்திரையும் சிதம்பரம்னு விழும்.”

அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். “சீனாக்காரனே போறும்னு போயிட்டான். மாமனும் மருமவனும் ஏன் இன்னும் சண்ட போட்டுக்கிட்டு இருக்கீங்க? தை மாசம் ஹெட்கிளார்க் ஆவப் போறாருன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். கவுத்துடாதடா.”

அத்தைக்கு அப்போது ஆறு மாதம். அந்தப் பதவி உயர்வு வந்தால் ஒழுகாத வீட்டுக்குப் போவதாகப் பேச்சு. அதெல்லாம் தெரிந்துதான் நான் மாமாவைக் கிளப்பினேன். அவரும் கிளம்புவதற்குத் தயாராகத்தான் இருந்தார்.

அடுத்த ஞாயிறு மூன்று பக்கக் கடிதம் தயாராக இருந்தது. ‘பொருள்: போர்க்காலத் தலைமை மற்றும் உயர் அதிகாரிகள் நியமனம் குறித்து’ என்று தொடங்கி, ‘பார்வை’ என்று இரண்டு நாளிதழ்களின் தேதிகளைக் கொடுத்து, பத்தி பத்தியாக எண் போட்டிருந்தார். கடைசியில் ‘ஒரு வாக்காளன்’. ரயிலில் மூன்று முறை படித்துவிட்டு, சிதம்பரம் ஸ்டேஷன் தபால் பெட்டியில் போட்டேன். ஏதோ வரலாற்றில் கைவைத்துவிட்டதுபோல ஹாஸ்டல்வரை நடந்தே போனேன்.

கலெக்டர் ஆபீசிலிருந்து வெளியே போகும் எந்தக் காகிதத்துக்கும் தலையில் ஒரு கோப்பு எண் இருக்கும். பதில் வந்தால் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பது அதைப் பார்த்துத்தான் தெரியும். பத்து வருடமாக வெள்ளைத் தாளை எடுத்தவுடன் வலது மூலையில் அந்த எண்ணை எழுதியே பழகிய கை, அன்றைக்கும் எழுதியிருந்தது. ‘ஏ-4’ என்று பிரிவும், பக்கத்தில் கடலூர் என்று ஊரும். நான் பார்த்தேன். கடிதத்துக்கு அது ஒரு கம்பீரத்தைக் கொடுக்கிறது என்றுகூட நினைத்தேன்.

சென்னைப் பத்திரிகைக்காரர்கள் மரியாதைக்காரர்கள். ‘தலைமையையும் அதிகாரிகள் நியமனத்தையும் விமரிசித்துத் தாங்கள் அனுப்பிய கடிதத்தைத் தற்போதைய சூழ்நிலையில் பிரசுரிக்க இயலவில்லை’ என்று ஒரு கார்டு எழுதி, கடிதத்தோடு சேர்த்து உறையில் வைத்து, பெயர் தெரியாததால், எண்ணைப் பார்த்தே கலெக்டர் ஆபீஸ் என்று ஊகித்து, அந்தக் கோப்பு எண்ணையே விலாசமாகப் போட்டு, கடலூர் கலெக்டர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். தபால் பிரிவில் அதற்கு முத்திரை குத்தி, ரிஜிஸ்டரில் ஏற்றி, விதிப்படி கலெக்டரின் நேர்முக உதவியாளரான பி.ஏ.வுடைய பார்வைக்கு வைத்தார்கள். அச்சில் வராத கடிதத்துக்காக மாமாவுக்கு மெமோ வந்தது. மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும்.

ஏ-நாலில் இரண்டு மேசைகள். எதிர் மேசைக்காரர் மாமாவுக்கு நாலு வருடம் இளையவர். வேலையே மாமாவிடம் கற்றவர். “எண் ரெண்டு பேருக்கும் பொது. யார் எழுதுனாங்கன்னு தெரியாதுன்னு சொல்லிடு,” என்று ஆபீஸ் நண்பர்கள் சொன்னார்கள். நான் ஓடிவந்து, நானே எழுதியதாக ஒப்புக்கொள்கிறேன் என்றேன்.

“கையெழுத்து யாருதுன்னு பி.ஏ.வுக்குத் தெரியாதா? உன் படிப்பும் போவும், அவ்ளோதான்.”

“அப்ப தெரியாதுன்னே சொல்லுங்க.”

“சொன்னா, எதிர்ல உக்காந்திருக்கறவன் மேலயும் பாதி விழும் மாப்ளே. அவன் பேப்பர்ல சினிமா விளம்பரத்தத் தவிர எதையும் பாக்கறதில்ல.”

எழுதியது தானே என்றும், எந்த வரி உண்மைக்கு மாறானது என்று குறிப்பிட்டால் அதற்குத் தனியே விளக்கம் தருவதாகவும் மாமா பதில் கொடுத்தார். இரண்டாவது வாக்கியத்தை விட்டிருந்தால் வாய்மொழிக் கண்டிப்போடு போயிருக்கும் என்று பிறகு சொன்னார்கள். கண்டனம் பதிவாகி, பதவி உயர்வு நின்றது. தை மாதம் எதிர் மேசைக்காரர் ஹெட்கிளார்க் ஆனார். அத்தை என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. சாப்பாடு மட்டும் போட்டார்.

மாமா கொதிப்பார் என்று எதிர்பார்த்தேன். மூத்தவரை ஒதுக்கி இளையவரை உயர்த்துவது என்ற, டில்லி மீது அவர் சாட்டிய அதே குற்றம் இப்போது அவர் மேசையிலேயே நடந்துவிட்டதே. சில மாதம் கழித்து நானே அதைக் கிளறினேன்.

“வேலைய நல்லா பாக்கறான் மாப்ளே. அதான் வெறுப்பா இருக்கு.”

வெள்ள நிவாரணத்துக்கான கிராமப் பட்டியலை அன்று மாலைக்குள் கொண்டுவரச் சொன்னாராம் பி.ஏ. கிராமக் கணக்கு எழுதும் கர்ணங்களிடமிருந்து விவரம் வராமல் பட்டியல் போட முடியாது, போட்டால் பொய்ப் பட்டியலாகும் என்று அந்த இளையவர் நின்றுகொண்டே சொன்னாராம். ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி திட்டு விழுந்தும் நகரவில்லையாம்.

“என்னக் கேட்டிருந்தா, ‘சரிங்க சார்’னு எதையாவது எழுதிக் குடுத்திருப்பேன்,” என்றார் மாமா. “பேர் இல்லாம பிரதமரையே கேப்பேன். எதிர்ல நிக்கிற பி.ஏ.வக் கேக்க மாட்டேன். மூத்தவன், இளையவன்னு மூணு பக்கம் எழுதினேன் பாரு, அது ஜாஸ்தி. டில்லில மேல இருக்கறவங்க கூப்ட்டு உத்தரவு போட்டப்ப, இது ஆவாதுங்கன்னு சொல்ற ஆள் ஒருத்தனாவது பக்கத்துல இருந்தானா? இருந்தவன என்ன பண்ணாங்க? அத ஒரு வரில கேட்டிருக்கணும்.”

அந்த ஒரு வரி என்னை விடவில்லை. இன்று சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறேன். இடையில் பாகிஸ்தானோடு இன்னொரு போர் வந்து போயிற்று. அதில் நம்மவர்கள் நன்றாகவே நின்றார்கள், ஆகவே முந்தியதை மறந்துவிடலாம் என்று பலருக்கும் எண்ணம். ராணுவமே அந்தத் தோல்வியை விசாரித்து எழுதிய அறிக்கையின் சுருக்கத்தைத்தான் பார்லிமென்ட்டில் சொன்னார்கள். முழு அறிக்கை வெளியே வரவில்லை. நூலகத்தில் பழைய தாள்களைப் புரட்டி, யாருக்கு மூத்தவர் யார் என்று இரண்டு நோட்டுகளை நிரப்பியிருக்கிறேன். ஆனால் ‘ஆகாது’ என்று சொன்னவர்கள் யார் என்பதைத் தேதிகளிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. தப்பான நியமனம் என்று நான் இன்றும் சொல்வேன். மூப்பை மீறியது அதில் சின்னப் பிழை. உத்தரவு போட்டவர்கள் தங்களுக்குத் தலையாட்டுகிறவர்களையே தங்களைச் சுற்றி அமர்த்திக்கொண்டது பெரிய பிழை என்று சந்தேகப்படுகிறேன். சந்தேகத்தைச் சரித்திரம் என்று பையன்களுக்குச் சொல்ல முடியாது.

புவனகிரிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒருவர் இருக்கிறார். அந்த மலைகளில் ராணுவ லாரி ஓட்டியவர்; குளிரில் இரண்டு கால்விரல் போய்த் திரும்பியவர். வருகிற ஞாயிறு முதல் பஸ்ஸில் போகிறேன். மாமாவும் வருகிறார். எடுத்த எடுப்பில் கேட்காதே, குளிரைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றிப் பேச விடு என்கிறார். எனக்கு அவ்வளவு பொறுமை இருக்குமா தெரியவில்லை. மேலே போ என்று உத்தரவு வந்த அன்று, அவருடைய அதிகாரி ஃபோனில் என்ன பதில் சொன்னார்? அந்த அதிகாரிக்கு அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? ஒரு புது நோட்டின் முதல் பக்கத்தில் மேலே இந்த இரண்டு கேள்விகளை எழுதி, கீழே இடம் விட்டிருக்கிறேன்.