நிற்காத முன்பல்

பல் பிடுங்குகிறவனை ஊர் மன்னித்துவிடும், ஒட்டுகிறவனை மன்னிக்காது. பிடுங்கிய பல் திரும்பி வராது, ஒட்டிய பல் மறுநாளே வந்துவிடும். அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் பல் ஆஸ்பத்திரி திறந்த புதிதில் நான் பட்ட பாடு, எதையாவது ஒட்டிவிட்டுத் தூக்கம் கெட்டவர்களுக்குத்தான் புரியும்.

சித்திரை வெயில்

தனபால் நெசவாளி. கையெட்டும் தூரத்தில் கத்தரி இருக்க, ஜரிகையைக் கடித்து அறுத்தே முன்பல்லை உடைத்துக்கொண்டவர். ஞாயிற்றுக்கிழமை ஐயம்பேட்டையில் பெண் பார்க்கப் போகிறார். ஏற்கெனவே இரண்டு இடத்தில் பல்லைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டார்கள். மிச்சமிருந்த பல்லின் மேல் கேப் என்கிற பல் உறையை மாட்டி ஒட்ட வேண்டியது என் பொறுப்பு.

குளிர்ந்த கண்ணாடிப் பலகையில் சிமெண்ட் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழைக்க வேண்டும் என்று படித்திருந்தேன். பலகையை ஜன்னல் வெயிலில் வைத்துவிட்டு, மொத்தப் பொடியையும் ஒரேயடியாகக் கொட்டினேன். வாய்க்குப் போகுமுன் கல்லாகிவிட்டது. தனபால் அதைத் தட்டிப் பார்த்தார்.

"சார், இது பல்லுக்கா, செவுத்துக்கா?"

ஈரம்

மறுநாள் குழைத்தது வெண்ணெயாய் இளகிவிட்டது. பல் ஈரமில்லாமல் இருக்கப் பஞ்சு வைத்தேன். அவர் அதைத் துப்பிவிட்டு, தரகர் சொன்ன பெண்ணின் குணநலன்களை எடுத்துவிட ஆரம்பித்தார். நானும் வாய் பிளந்து கேட்டுவிட்டு, எச்சில் மேலேயே ஒட்டினேன். காலையில் கேப் காபியில் மிதந்ததாம்.

"பாவு நூலுக்குக் கஞ்சி போட்டா காயவுட்டுத்தான சார் தறியில ஏத்துவோம்? உங்க காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலியா?"

தாராளம்

ஞாயிறு காலை. இவர் கல்யாணம் நின்றால் என் மூஞ்சியில் யார் விழிப்பார்கள்? நிறைய வைத்தால் நிறைய பிடிக்கும் என்று கேப் நிறையச் சிமெண்ட்டை அடைத்தேன். அது பல்லின் மேல் முழுசாக இறங்காமல் நெல்லளவு துருத்திக்கொண்டு நின்றது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "கம்பீரமா இருக்கு" என்று கூசாமல் சொன்னேன்.

கண்ணாடியைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னை இதுவரைக்கும் யாருமே அப்பிடிச் சொன்னதில்ல சார்."

கேசரி

திங்கட்கிழமை அவர் பொக்கை வாயோடு வந்ததைப் பார்த்ததும் எனக்கு உயிர் போய்விட்டது. முதல் வாய் கேசரியிலேயே கேப் கழன்று, சபை பார்க்கத் தட்டில் விழுந்திருக்கிறது. காபி கொண்டுவந்த பெண்தான் தன் அப்பாவிடம் பேசியிருக்கிறாள்.

"மத்த மாப்பிள்ளைங்க குறையெல்லாம் கல்யாணத்துக்கு அப்பாலதான் தெரியும். இவரு தட்டுலயே வெச்சிட்டாரு. இவரையே முடிச்சிடுப்பா."

கல்யாணத்தில் என்னை முன்வரிசையில் உட்காரவைத்துச் சந்தனம் பூசினார்கள். ஒழுங்காக ஒட்டியிருந்தால் எனக்குக் கல்யாணப் பத்திரிகைகூட வந்திருக்காது.