தகரம் அடித்த வாசல்

மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி மில்லுக்கு லாரி ஓட்டிய என் கணவருக்குக் காய்ச்சல் வந்து, கொரோனா என்று உறுதியானது. ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு கொல்லிமலையிலிருந்து கீழே இறங்கிப் போனது. வீட்டில் நானும், இளைப்பு நோய் உள்ள மாமனாரும் மட்டும். இரண்டு பேரும் பதினான்கு நாள் வெளியே வரக் கூடாது என்று ஆம்புலன்சில் வந்தவர்கள் சொன்னார்கள். சரி என்றேன். நோயென்றால் எனக்கும் பயம்தான்.

மறுநாள் காலை ஓர் அதிகாரி இரண்டு ஆட்களோடு வந்தார். ஆட்களிடம் தகரத் தகடுகள் இருந்தன. எங்கள் வீட்டுக்கு வாசல் ஒன்றுதான்; ஜன்னல் கிடையாது. அதன் குறுக்கே வைத்து அடிக்கச் சொன்னார்.

"ஏனுங்க சார், வெளிய வர மாட்டோம்னுதான் சொல்றமுங்களே. அப்புறம் எதுக்குங்க தகரம்?"

"தொற்றுநோய்ச் சட்டம்மா. எங்களுக்கு அதிகாரம் இருக்குது."

"உள்ள விறகடுப்பு எரியுதுங்க. தீப் புடிச்சா எப்புடிங்க வெளிய வர்றது? ஆணி அடிக்கச் சொல்லி உத்தரவு இருந்தாக் காட்டுங்க."

அவர் எதையும் காட்டவில்லை. ஆட்களைப் பார்த்துத் தலையசைத்தார். அடித்த அடியில் சுவர் மண் உதிர்ந்தது.

அடுப்புப் புகை போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றியது. மதியத்துக்குள் மாமனாருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது.

"பொறுத்துக்கலாம் சாமி… கவர்மெண்டோட… எதுக்கு வம்பு" என்றார், சொல்லுக்குச் சொல் நின்று.

என்னால் பொறுக்க முடியவில்லை. மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்து உள்ளிருந்தே நெம்பித் தள்ளினேன். தகரம் வெளியே போய் விழுந்தது. நான் படிக்கு உள்ளேயே உட்கார்ந்துகொண்டேன்.

யாரோ போன் போட்டிருக்க வேண்டும். அதிகாரி, அதே ஆட்களையும் ஒரு போலீஸ்காரரையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

"கேஸ் போட்டா உள்ள போயிருவ, தெரியுமா?" என்றார் போலீஸ்காரர்.

"போடுங்க சார். நான் படியத் தாண்டலீங்க. எங்க மாமாவுக்கு மூச்சு முட்டுச்சு, தகரத்தப் பேத்தேன். கோர்ட்டுல கேட்டாலும் இதேதான் சொல்லுவேன்."

"மறுபடி அடிங்கப்பா" என்றார் அதிகாரி.

நான் எழுந்து, மாஸ்க்கை ஏற்றிவிட்டுக்கொண்டு, கதவு நிலையின் இரண்டு பக்கமும் கையை வைத்தேன்.

"அடிக்கறதுன்னா என் கைமேல அடிங்க."

சுத்தியல் வைத்திருந்தவர் கிட்டே வரவில்லை. என்னிடம் நோய் இருக்கும் என்று பயந்தாரோ, என்னவோ. "என்னால முடியாதுங்க சார்" என்று சுத்தியலைக் கீழே போட்டுவிட்டார்.

இன்னொருவரும் அதை எடுக்க முன்வரவில்லை. சுவரில் 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு' என்று ஓர் அறிவிப்பை மட்டும் ஒட்டிவிட்டுப் போனார்கள். கேஸ் எதுவும் வரவில்லை. கெடு முடியும்வரை நாங்களும் படியிறங்கவில்லை.

குணமாகி வந்த கணவர், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டார். "ஆபீசருகிட்டயே வாய் குடுத்தியாமா?"

"உள்ள கெடந்தது நானும் மாமாவும்ங்க" என்றேன். "நாளைக்கு வந்து அடிச்சாலும் பேத்துப் போடுவேன்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.